மெஷின் மேல் பழி

மெஷின்காரர் கணுக்கால் பட்டையைக் கழற்றிக் காதோரம் வைத்து அமுக்கிப் பார்த்தார்.

"ஏதாவது தெரியுதா சார்?" என்றாள் அவள்.

"இப்பத்தானே மேடம் கையிலேயே எடுத்திருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடியே பிள்ளைக்குப் பேர் கேக்கறீங்களே."

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுக்கியிருந்த துண்டுகளைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். ஜன்னலைச் சாத்தினாள். புழுங்குகிறது என்று திறந்தாள்.

பரிசோதனைக்கூடத்தில் அந்த மெஷின் அவள் பொறுப்பு. ஆளைப் படுக்கவைத்து இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டை கட்ட வேண்டும். இதயத்திலிருந்து கிளம்பிய துடிப்பு கால்வரை என்ன வேகத்தில் போகிறது என்று பார்த்து, ரத்தக் குழாய்க்கு என்ன வயசு என்று அது சொல்லிவிடும். இளசான குழாயில் துடிப்பு நிதானமாகப் போகும். இறுகிப்போன குழாயில் ஓட்டமாக ஓடும்.

வயசானால் மனுஷனுக்கு எல்லாம் மெதுவாகும். இது ஒன்றுதான் வேகம் பிடிக்கும்.

சனிக்கிழமை அவளைக் கூட்டிப்போக வந்த தம்பி, சும்மா நிற்பானேன் என்று விளையாட்டாகப் படுத்தான். வீட்டில் அவனுக்குப் பேர் குட்டி. ஆள் என்னவோ கதவை அடைக்கிற மாதிரி இருப்பான். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்குகிற வேலை. வயசு முப்பத்து நான்கு.

மெஷின் ஐம்பத்தெட்டு என்றது.

அவிழ்த்து மறுபடி கட்டினாள். ஐம்பத்தொன்பது.

"வாங்க பெருசு, பார்த்து இறங்குங்க" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு வாசல் வரைகூட வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவன் மாடிப்படித் திருப்பத்தில் நின்று நின்று ஏறுவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கேட்டால், செருப்பு வார் சரியில்லை என்பான்.

"மெஷின்ல கோளாறா இருக்கும்டா. ஆள் வந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் கனமா எதையும் தொடாதே."

தொடவில்லை. வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து அவள் உயிரை வாங்கினான். காலையிலும் அதே கேள்வி, மாலையிலும் அதே கேள்வி: ஆள் வந்தாச்சாக்கா?

கோளாறு இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் யோசித்தால் எங்கோ உதைத்தது. போன வாரம் வந்தவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயசுப் பெரிய டாக்டருக்கு நாற்பத்து மூன்று என்று வந்தது. அன்றிலிருந்து மனிதர் லிஃப்ட் பக்கமே போவதில்லை, படியில் பறக்கிறார். அவளும் படுத்துப் பார்த்தாள். முப்பத்தேழுக்கு இருபத்தெட்டு வந்தது. கெட்டுப்போன மெஷின் இத்தனை பேரைச் சந்தோஷப்படுத்துமா? அவள் தம்பியிடம் மட்டும் ஓரவஞ்சனை காட்டுமா?

மெஷின்காரர் தன் பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்துச் செருகினார். அது பொய்த் துடிப்பு அனுப்பும். நாற்பது வயசுத் துடிப்பை அனுப்பினால் மெஷினும் நாற்பது என்று சொல்ல வேண்டும்.

திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினார். பொத்தானை இன்னொரு முறை அழுத்தினார். தலையை ஆட்டினார்.

"நீங்க சொன்னது சரிதான் மேடம். கோளாறுதான்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நின்ற இடத்திலேயே கைபேசியை எடுத்துத் தட்டினாள்.

"மெஷின் கோளாறுதான்டா. நீ குட்டியேதான்."

அவனும் கையிலேயே வைத்திருந்தான் போல, உடனே பதில் வந்தது.

"அதானே பார்த்தேன். பசங்க வேலை பண்ற இடத்துக்குச் சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன்க்கா. நாலாவது மாடி, இரும்பு பீரோ, லிஃப்ட் கிடையாது. ஆள் பத்தாம நிக்கறாங்க. தூக்கிட்டு வந்துடறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சோம்பேறிப் பயல் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"எவ்வளவு கூட்டிக் காட்டுது சார்?" என்று அதே சிரிப்போடு கேட்டாள்.

"கூட்டியா?" அவர் பட்டையை அவள் பக்கம் நீட்டி, அதன் காற்று ட்யூபை விரலால் தடவிக் காட்டினார். "இங்க பாருங்க, கசிவு. துடிப்பு காலுக்கு லேட்டா வந்த மாதிரி காட்டும். லேட்டா வந்தா இளசுன்னுதானே இது நினைச்சுக்கும்? எல்லாருக்கும் ஒரு பத்து வயசு கொறச்சுத்தான் சொல்லியிருக்கும்."

பட்டையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"அதான் ஊர்ல ஒருத்தரும் புகார் பண்ணலை. நீங்க எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

அவள் தம்பியை அழைத்தாள்.

மணி போனது. முழுதாகப் போய் நின்றது. மறுபடி அழைத்தாள்.

பீரோ ஏற்றும்போது இரண்டு கையும் அதன் அடியில் இருக்கும். அவன்தான் ஒருமுறை சொல்லியிருக்கிறான். மேலே பிடிக்கிறவன் வழி காட்டினால் போதுமாம். கனமெல்லாம் கீழ் முனைக்குத்தான் இறங்குமாம்.

கீழ் முனையை எப்போதும் குட்டிதான் பிடிப்பான்.