மரத்துப்போன கால்

சுற்றுலா வந்த இடத்தில், கியோட்டோ தேநீர் அறையில் எல்லோரும் மண்டியிட்டு அமர்ந்திருந்தார்கள். தேநீர் பரிமாறும் சடங்கு பாதியில் இருக்கும்போது சிஸுருவின் கணவன் வாதாரு, "ஐயோ, கால் மரத்துப்போச்சு!" என்று காலை நீட்டிவிட்டான். அவளுக்கு மானமே போயிற்று.

வாசலில் கொடுத்த முக்காலியை வீராப்பாக மறுத்திருந்த அவள் அப்பா சிரித்தார். "இந்தக் காலத்து மாப்பிள்ளைங்களே இப்படித்தான்! சரி, உங்களுக்குத் துணையா நானும் நீட்டிக்கிறேன்."

வெளியே வந்ததும் சிஸுரு பொரிந்தாள். "புத்தர் கோயில்ல தினம் மூணு மணி நேரம் மண்டி போட்டு மந்திரம் ஓதுறவருக்கு, பத்து நிமிஷத்துல கால் மரத்துப்போச்சாக்கும்?"

"உங்கப்பா முட்டி வெடவெடன்னு நடுங்கிச்சு. நீட்டுங்கன்னு சொன்னா கேப்பாரா?"

முன்னால் போன அப்பா திரும்பிப் பார்த்தார். "மெதுவா வாங்க மாப்பிள்ளை!"

வாதாரு சட்டென்று நொண்டத் தொடங்கினான்.