பென்னியின் முதுகுப் பை

"வந்துட்டான் பாருங்க, மலையேறி!"

படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டதும் சந்திரிகா கணவரை உலுக்கினாள். தாமோதரன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பம்மலில் லிஃப்ட் இல்லாத அந்த நாலு மாடிக் குடியிருப்பில் கொஞ்ச நாளாக பென்னியைப் பற்றித்தான் பேச்சு. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் தூங்கப் போகமாட்டான். முதுகில் ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு மொட்டை மாடி வரைக்கும் ஏறுவான், இறங்குவான், மறுபடி ஏறுவான். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும்.

"இமயமலைக்குப் போறானாம். டீக்கடையில சொல்லியிருக்கான். அதுக்காக பைக்கைக்கூட வித்துட்டானாம்."

"போகட்டுமே. அவன் ஆசை."

"அப்ப ஜான்சி?"

ஜான்சி அவன் மனைவி. சின்ன வயதில் போலியோ வந்து நடக்க முடியாமல் போனவள். தரைத்தள வீட்டில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே லெதர் பர்ஸ் தைத்துக் கொடுக்கிறாள்.

"அவளைப் பார்த்தீங்களா? துரும்பா இளைச்சுட்டா. நேத்து ராத்திரி குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தா, 'வேணாம்க்கா, நைட்ல நான் சாப்பிடறதில்ல'ங்கறா. அடுப்பு துடைச்சு வெச்ச மாதிரி கிடக்குது. பொண்டாட்டி வயித்துல மிச்சம் பிடிச்சு இவன் ஊர் சுத்தப் போறான்!"

இதற்கு மேல் சந்திரிகாவால் பொறுக்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய் மாடித் திருப்பத்தில் அவனை மறித்தாள்.

"நில்லு பென்னி. தினமும் அந்தப் பையில என்னத்தைத்தான் தூக்கற?"

பென்னி பையை இறக்கி வைத்தான். மூச்சு வாங்கியது. "அரிசிக்கா."

"அரிசியா?"

"மணலைக் கட்டிப் பார்த்தேன், முதுகை அறுக்குது. அரிசின்னா கொஞ்சம் மெத்துனு கீது."

பின்னாலேயே வந்த தாமோதரன் பையைத் தூக்கிப் பார்த்தார். தரையை விட்டு எழவில்லை.

"இவ்ளோ அரிசியை முதுகுல வெச்சுக்கிட்டு பொண்டாட்டியைப் பட்டினி போடறியே, நியாயமா?" என்றாள் சந்திரிகா.

"பட்டினியா? யாருக்கா?"

"ஜான்சிதான். ராத்திரியில அவ சாப்பிடறதே இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

பென்னியின் முகம் மாறிவிட்டது. "வேலையிலிருந்து போன் பண்ணுவேன்க்கா. சாப்ட்டேன்னுதான் சொல்லுவா."

பையை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினான். சந்திரிகாவும் விடவில்லை.

ஜான்சி பர்ஸுக்கு ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நைட்ல சாப்பிடறதில்லையா நீ?" என்றான் பென்னி.

அவள் சந்திரிகாவைப் பார்த்தாள். "போட்டுக் குடுத்துட்டீங்களாக்கா?"

"பின்ன? உன் வயித்தைக் காயப் போட்டுட்டு அவன் மட்டும் இமயமலை போறது எனக்குப் பொறுக்கல."

"அவர் மட்டுமா?" ஜான்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போகணும்னு கேட்டதே நான்தான்க்கா. அங்க ஒரு பள்ளத்தாக்கு முழுக்கப் பூவாம். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே பார்க்கணும்னு ஆசை. நீங்க யாரும் என்னைக் கேக்கவேயில்லையே."

"நீயா? நீ எப்படி...?"

"இந்த வண்டி அங்க ஏறாது. தூக்கிட்டுப் போற ஆளுங்க இருக்காங்களாம். முன்னபின்ன தெரியாதவங்க முதுகுல உட்கார எனக்குக் கூச்சமா இருக்குன்னேன். அதான் இவரே என்னைத் தூக்கறேன்னு..."

சந்திரிகா சக்கர நாற்காலியையும் பென்னியின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பென்னி விடுவதாக இல்லை. "அதுக்கு ஏன்டி சாப்பிடாம கெடக்குற?"

ஜான்சி தலையைக் குனிந்துகொண்டாள். "நீ மாடியேறும்போது மூச்சு வாங்கற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. நான் கொஞ்சம் இளைச்சா உனக்கு லேசா இருக்குமேன்னுதான்..."

பென்னி அவள் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"லூசு! உன் வெயிட்டுக்கு மேல நாலு படி அரிசி சேர்த்துப் போட்டுத்தான் தூக்கிப் பழகினு கீறேன். நீ அங்க வயிறு நிறைய சாப்ட்டுட்டு ஏறுவேன்னு கணக்கு போட்டு வெச்சிருக்கேன்டி!"