பதினொன்றாவது அளவு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. வாலாஜாபாத் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்தவர் சொன்னது.

"ஒரே கம்பி, ஒரே மெஷின். உனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர் வருதுன்னா, கோளாறு மெஷின்ல இல்லம்மா" என்று சிரித்தான் பிரேம்நாத்.

ஜோதிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

காஞ்சிபுரத்துக்கு வெளியே, கம்பெனிகளின் உதிரி பாகங்களை அளந்து ரிப்போர்ட் கொடுக்கும் சின்ன லேப் அது. பளபளவென்று தேய்த்த இரும்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். தொடாமல், வெளிச்சத்தைப் பாய்ச்சியே அதை அளக்கும் மெஷின் அங்கே இருந்தது.

ஆறு மாதமாக இருவருக்கும் பயிற்சி. நிரந்தர வேலை ஒருவருக்குத்தான்.

காலையில் லேப் தலைமை துர்காதேவி ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். "இந்தக் கம்பியை எடுத்து எடுத்து வெச்சு, பத்து தடவை அளந்து எழுதுங்க. சாயந்திரம் யாருன்னு சொல்றேன்."

பிரேம்நாத் நோட்டில் பத்து வரியிலும் 0.38. ஜோதிகா நோட்டில் 0.36, 0.39, 0.41, 0.37...

"வொயிட்னர் தரட்டா? எல்லா நம்பரையும் ஒண்ணாக்கிடு, போதும்."

வீட்டில் முதல் பட்டதாரி அவள். மகளுக்கு வேலை உறுதியாகிவிட்டது என்று அம்மா ஓரிக்கைத் தெரு முழுக்க ஏற்கெனவே சொல்லியாயிற்று.

வொயிட்னரை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். பிறகு அதை மறுபடி மூடி, அவன் மேசையிலேயே வைத்தாள்.

"வந்ததைத்தானேபா எழுத முடியும்?"

"எழுது. நாளையிலேர்ந்து வீட்ல உக்காந்துக்கினு எழுது."

சாயந்திரம் துர்காதேவி இரண்டு நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"ஜோதிகா, பத்து அளவுதானே கேட்டேன்? பதினொண்ணு இருக்குது. ஒண்ணு அடிச்சிருக்குது?"

"அது... அது 0.52 வந்துச்சு மேடம். அப்ப ரோட்ல ஜல்லி லாரி போச்சு, மேசை அதிர்ந்துச்சு. அதான் அடிச்சிட்டு, காரணத்தைப் பக்கத்துல எழுதிட்டு, இன்னொண்ணு எடுத்தேன்." "மத்தது ஏன் மாறி மாறி வருதுன்னு தெரியல மேடம். ஜாக்கிரதையாத்தான் வெச்சேன்."

"மாறத்தான் செய்யும். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் வேற எடத்துல விழுதில்ல? எவ்வளவு மாறுதுன்னு தெரிஞ்சாதானே, நம்ம அளவு இவ்வளவு முன்னபின்ன இருக்கலாம்னு ரிப்போர்ட்ல எழுத முடியும்? அதுக்குத்தாம்மா பத்து தடவை."

ஜோதிகா நிமிர்ந்தாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து ரிப்போர்ட்ல நீ கையெழுத்து போடு."

அப்படியென்றால் வேலை அவளுக்குத்தான்.

"மேடம், என்னுது பத்தும் கரெக்டா ஒண்ணா இருக்குதே!" என்றான் பிரேம்நாத்.

"ஆமாம்பா. அதான்" என்றார் துர்காதேவி.

பஸ்ஸில் கேட்டது இவ்வளவுதான். மனசு கேட்காமல், அந்த மெஷினைப் பராமரிக்கும் கலைவாணனைத் தேடிப்போய் விசாரித்தேன். யார் எத்தனை தடவை அளந்தார்கள் என்பது மெஷினிலேயே பதிவாகுமாம். அன்றைய பதிவைக் காட்டினார்.

ஜோதிகா, பதினொன்று. பிரேம்நாத், ஒன்று.