பக்கம் திருப்புகிறவள்

யார் பக்கம் திருப்புவது என்பதில்தான் சண்டை. பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிப்பவர்கள் பெனிட்டாவும் நஸ்ரினும் மட்டும்தான். இருவருக்கும் சேர்த்து ஒரே ஸ்டாண்ட், ஒரே இசைத்தாள். ஆண்டு விழாவில் வாசிக்கவேண்டிய பாட்டு குதிரைப் பாய்ச்சலில் போகும், அதில் மூச்சுவிடவே இடமில்லை. பக்கம் திருப்புகிறவளுக்கு எட்டு ஸ்வரம் போய்விடும். ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சில்லை. ‘செத்தாலும் நான் திருப்பமாட்டேன்’ என்றுதான் பெனிட்டா மேடையேறினாள்.

பாட்டில் பக்கம் திருப்பவேண்டிய இடம் நெருங்கியபோது ஓரக்கண்ணால் பார்த்தாள். நஸ்ரின் கழுத்து நரம்பு புடைக்க ஊதிக்கொண்டிருந்தாள். அடிப்பாவி, என்னமாய் வாசிக்கிறாள்! பெனிட்டாவின் கை தானாக நீண்டது. தாளின் மேல் இன்னொரு கை வந்து மோதியது. இரண்டு கிளாரினெட்டும் நின்றுபோயின. பேண்ட் மாஸ்டர் முறைத்தார்.

“நீ வாசிடி” என்றாள் பெனிட்டா.

“நீ வாசி, நான் திருப்புறேன்” என்றாள் நஸ்ரின்.

டிரம்மும் டிரம்பெட்டும் பாய்ந்து போய்க்கொண்டிருந்தன. பக்கம் இன்னும் திரும்பவில்லை.