இரண்டு விரல் கனம்

அதிகாரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார்.

அனுமதிக் கோப்பினை மார்பின் மேல் வைத்துக்கொண்டார்.

"தலகாணி ஒண்ணு வைக்கட்டா சார்?" என்றார் சூசை மேஸ்திரி. கட்டடம் அவர் கட்டியது.

"நோயாளிக்கு வச்ச பொறவு எனக்கு வைக்கலாம் மேஸ்திரி."

கண்களை மூடினார்.

"தள்ளுங்க டாக்டர்."

அவள் தள்ளினாள்.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் அளவுநாடா கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவருவதில்லை. புதிதாகக் கட்டிய எந்த மருத்துவமனையிலும், மாடி வார்டிலிருந்து வாசல்வரை நோயாளியாகப் படுத்தே போவார். வாசலில் இறங்கிக் கையெழுத்திடுவார். வழியில் ஓரிடத்தில் இடித்தாலும் எழுந்துவிடுவார். எழுந்துவிட்டால் அனுமதி இல்லை. மறு ஆய்வு மூன்று மாதம் கழித்துத்தான்.

ஏழு அலுவலகங்களின் ஒப்புதல் அந்தக் கோப்பில் இருந்தது. எட்டாவது இவருடையது.

மூன்று மாதத்துக்குள் மழை வந்துவிடும்.

மழை வந்தால் ஆறு பாலத்தை மூடிவிடும். சென்ற மழையில், பிரசவ வலியோடு இரண்டு பெண்கள் அக்கரை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். ஒருத்திதான் திரும்பினாள்.

கட்டடம் இன்னும் யாருடைய முனகலையும் கேட்டதில்லை. ஈரம் காயாத வெள்ளைச் சுவர்கள், பிறந்து கண் திறக்காத ஒரு பெரிய விலங்கைப்போல மெல்ல மூச்சுவிட்டன. ஜன்னல் வெளிச்சம் ஒவ்வொன்றாக அவர் முகத்தின் மீது நீந்திக் கடந்தது. சக்கரங்கள் தரையில்தான் உருளுகின்றனவா என்று அவளுக்கே ஐயமாக இருந்தது.

சாய்தளம் பாதியில் திரும்பும் இடம் வந்தது.

அங்கே பூத்திருந்தன.

யாரும் கேட்காமலே மேஸ்திரி நேற்றுப் பதித்தவை. இடுப்பு உயரத்துக்கு நீலப் பூப்போட்ட டைல்ஸ். வலியோடு போகிறவள் திரும்பும் இடத்தில் ஒரு பூவையாவது பார்க்கட்டும் என்று அவர் செலுத்திய காணிக்கை. வரைபடத்தில் இல்லாத இரண்டு விரல் கனம்.

காலையில்தான் அவள் அதைப் பார்த்தாள். அழகாக இருந்தது. அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

அருகில் நடந்துவந்த மேஸ்திரி இப்போது கண்டுகொண்டார். அவள் காதருகே குனிந்தார்.

"டைல்ஸுக்கு மேல ஒரு சாண் தூக்கித் திருப்பிட்டா போச்சு டாக்டரம்மா. கண்ண மூடிட்டுத்தானே கெடக்காரு."

அவள் ஸ்ட்ரெச்சர் கம்பியின் அடியில் கை கொடுத்தாள். மறுபுறம் மேஸ்திரியும் கொடுத்தார்.

மெலிந்த மனிதர். தூக்கினால், கனவில் போகிறவர்போல் மிதந்து போய்விடுவார்.

மழைநாளொன்றில் இதே இடத்தில் வேறொருத்தி படுத்திருப்பாள். தள்ளுவதற்கு ஒரே ஒரு நர்ஸ் இருப்பாள்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

தள்ளினாள்.

டக்.

கட்டடம் மூச்சை நிறுத்திக்கொண்டது.

"கண்ணத்தான் மூடியிருக்கேன் மேஸ்திரி" என்றார் அவர். "காத மூடல."

மேஸ்திரி தோளிலிருந்த துண்டை இறக்கினார்.

"என்ன இடிச்சது டாக்டர்?"

"டைல்ஸ், சார். திரும்ப இடம் பத்தல. எங்க தப்புதான்."

அவர் எழுவதற்காக அவள் காத்திருந்தாள்.

அவர் கோப்பைச் சற்று மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். கால்களை இன்னும் வசதியாக நீட்டினார்.

"வாசல் வந்ததும் எழுப்புங்க."



பிறகு மேஸ்திரி சுவரின் அருகே போய் உட்கார்ந்தார். துண்டால் பூக்களை ஒருமுறை துடைத்தார். பையிலிருந்து உளியை எடுத்தார்.

நீலத் துகள்கள் படுத்திருந்தவரின் வெள்ளைச் சட்டையின் மேல் விழுந்தன.

அவர் கண் திறக்கவில்லை.