வாய் பார்க்கும் வேலை

“செத்துப்போச்சு மேடம். பதினொண்ணாவதும் செத்துப்போச்சு” என்றார் ரீல், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

பேராசிரியை கையிலிருந்த தாளை மேசையில் அறைந்தார். ஒலிப்பதிவு அறையின் பஞ்சுச் சுவர் அந்தச் சத்தத்தையும் விழுங்கியது. பதினோரு தடவை பதிந்தும் செத்தது அவருடைய குரல்தான். வகுப்பில் எண்பது பேர் முன்னால் முழங்குகிற குரல், இந்த மைக்கைக் கண்டால் மட்டும் ஈரச் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்துகொண்டே இருந்தது.

பழைய டேப் காலத்திலிருந்து பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு செய்பவர் என்பதால் அவருக்கு ரீல் என்று பெயர். பேர்தான் ரீல், ஆள் ரீல் விடமாட்டார்.

“வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிறவங்க பஸ்ல கேக்கப்போற பாட்காஸ்ட் மேடம் இது. நீங்க படிக்கிறதைக் கேட்டா, இறங்கவேண்டிய எடத்தைத் தாண்டித் தூங்கிடுவாங்க.”

“கிண்டல் பண்ணாதீங்கண்ணே. வெள்ளிக்கிழமைக்குள்ள எட்டுப் பாடமும் ஏத்தலைன்னா இந்தக் கோர்ஸையே வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்னு துறைத்தலைவர் சொல்லிட்டாரு. ஆறு வருஷமா கல்லு கல்லா அடுக்கிக் கட்டின கோர்ஸு!”

“கட்டினீங்க, சரி. சுவத்தைப் பாத்துப் பேசினா எப்படி?”

“வேற யாரைப் பாக்கிறது? இங்க ஈ காக்கா இருக்கா?”

மாணவர்களை உட்காரவைத்தும் பார்த்தாயிற்று. ஒருவன் இருமினான். ஒருத்தியின் போன் பாடியது. ரீல் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார். நடைவழியில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவை, ஈரத்தைச் சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்று ஏதோ சொல்லி அழைத்து வந்தார்.

“பெரிய வேலை ஒண்ணுமில்லக்கா. மேடம் வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும், அவ்வளவுதான்.”

அக்கா வாளியையும் மாப்பையும் வாசலில் வைத்துவிட்டு எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“இவங்களுக்கு இது என்னண்ணே புரியும்?” என்று பேராசிரியை வேறு பக்கம் திரும்பி முணுமுணுத்தார்.

“புரியலைன்னா அது உங்க தப்பு மேடம். ஆரம்பிங்க.”

பேராசிரியை தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் படித்தார். “மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் மேலேறும் விதமாவது…”

தாளைச் சற்று இறக்கிப் பார்த்தார். அக்காவின் முகம் சுருங்கியிருந்தது. பார்த்தபடியே அடுத்த வரியைச் சொன்னார், சுருக்கம் விரிந்தது. மறுபடி தாளைத் தூக்கினார், மறுபடி சுருங்கியது.

“படிச்சா இவங்களுக்கும் பிடிக்கலை போல!” பேராசிரியை எரிச்சலோடு தாளைக் கசக்கி எறிந்தார். “சரிக்கா, உங்க மாப்பையே எடுத்துக்கோங்க. நுனி மட்டும் தண்ணியில பட்டாப் போதும், ஈரம் தானா மேல ஏறுதில்ல? மண்ணுக்குள்ளயும் அதே கதைதான்.”

அக்கா வாளியைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரீல் கட்டைவிரலை உயர்த்தினார்.

அதன்பிறகு தாளுக்கு அங்கே வேலையில்லை. வேகமாகப் பேசினால் அக்காவின் புருவம் நெரியும், பேராசிரியை நிதானத்துக்கு வருவார். அப்படியும் நெரிந்தால், “நாசமாப் போச்சு, எத்தனை தடவைதான் சொல்றது!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேறொரு உதாரணம் தேடுவார். அந்த ‘நாசமாப் போச்சு’களை மட்டும் ரீல் வெட்டி எடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டுப் பாடமும் ஏறிவிட்டன. மதியமே துறைத்தலைவர் கூப்பிட்டார். “என்னம்மா இது, எதிர்ல உக்காந்து சொல்ற மாதிரியே இருக்கே! கோர்ஸ் உங்களுக்குத்தான்.”

பேராசிரியை புத்தம்புது ஹெட்போன் ஒன்றை வாங்கிக்கொண்டு ஒலிப்பதிவு அறைக்கு ஓடிவந்தார். அக்கா அங்கே துடைத்துக்கொண்டிருந்தார்.

“எட்டுப் பாடத்துக்கும் என் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்கண்ணே! எந்த மாணவன் அப்படிக் கேட்டிருக்கான்? அவங்களுக்குத்தான் இது.”

ரீல் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பேராசிரியை அக்காவின் தலையில் ஹெட்போனை மாட்டி, முதல் பாடத்தை ஓடவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு ஆவலாக நின்றார்.

அக்கா சிரித்தார். கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அந்தப் பழைய சுருக்கம் முகத்தில் விழுந்தது. ஹெட்போனைக் கழற்றி, துணியால் துடைத்து, பெட்டியில் பத்திரமாக வைத்துத் திருப்பிக் கொடுத்தார். பேராசிரியையின் நாற்காலியைக் காட்டி, உட்காரும்படி கையசைத்தார்.

பேராசிரியைக்கு முகம் தொங்கிவிட்டது. “ஆசையா வாங்கிட்டு வந்தா இப்படியா? இப்ப என்னதான் குறையாம்? கையில பேப்பர்கூட இல்லையே!”

“ஆறு வருஷமா உங்க ரூமைத் துடைக்கிறவங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்” என்று இழுத்தார் ரீல்.

“என்ன தெரிஞ்சிருக்கும்னு?”

“அவங்களுக்குக் காது கேக்காது மேடம்.”