சம்பந்திக்கு ஒரு வாக்கியம்

என் மகளை மணக்கப்போகும் வெள்ளைக்காரப் பையனின் தகப்பனார் அன்றுதான் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். வாசலில் நின்று வரவேற்க வேண்டியவன் நான். சம்பந்தி முன்னால் வாய் தவறிப் பேசியவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

“வி வேர் வெயிட்டிங்கா, வி ஹேட் பீன் வெயிட்டிங்கா?” என்று மருமகள் கோமளவல்லியைக் கேட்டேன்.

“அவங்க வந்தப்ப காத்துக்கிட்டு இருந்தோம்னா முதல்ல சொன்னது மாமா. ரொம்ப நாளாவே காத்துக்கிட்டு இருந்தோம்னா ரெண்டாவது.”

“ரெண்டாவதே இருக்கட்டும். அதுதான் மரியாதை.”

“நாக்கு சுளுக்கிக்காம பாத்துக்குங்க.”

காலை முழுவதும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கார் வந்து நின்றது. நழுவும் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி இறங்கிய மனிதர் வியர்த்த முகத்தோடு என் எதிரே வந்தார். நான் வாய் திறக்குமுன் கைகூப்பி, “வாங்க, வாங்க” என்றார்.

அது வீட்டுக்காரன் சொல்ல வேண்டியது. உள்ளே யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்துபோயிற்று. எங்கே தவறினோம் என்று புரியாமல் என்னையே பார்த்தார். எனக்காக இந்த மனிதரும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்திருக்கிறார்! என் மனம் அவரைக் கும்பிட்டது.

என் வாக்கியத்தை விழுங்கிவிட்டுத் தெருவில் இறங்கி அவர் பக்கத்தில் நின்றேன்.

“இதோ வந்துட்டோம் சம்பந்தி” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துப் படியேற்றினார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் அழைக்க, என் வீட்டுக்குள் நுழைந்தேன்.